பெட்டிக்குள் மேகம் சுலபம், அதைக் கீழே விழ வைப்பதுதான் வேலை

கடைசியில் பெட்டிக்குள் பனி விழுந்துவிட்டது. மேல்பக்கம் திறக்கும் பழைய டீப் ஃப்ரீசர், கறுப்பு வெல்வெட் துணி, ஒரு டார்ச், கொஞ்சம் மூச்சுக்காற்று, பெரும்பாலான சாமான் இவ்வளவுதான். மழை, பனி, ஆலங்கட்டி என்று வானத்திலிருந்து விழும் எல்லாவற்றையும் சின்ன அளவில் செய்து பார்ப்பது திட்டம். சில வகைகள் வந்தன. சில வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று தோண்டியதில்தான் நிறையப் புரிந்தது. செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பாட்டில்

முதலில் மேகம். 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று, மூடியில் இரண்டு துளை. ஒன்றில் சைக்கிள் டியூபின் வால்வு, இன்னொன்றில் கால் சுற்றில் திறக்கும் சின்ன பால் வால்வு. இரண்டையும் எபாக்ஸியால் ஒட்டி ஒரு நாள் முழுக்க விட வேண்டும். பசை இறுகுவதற்குள் காற்றடித்தால் வால்வு தெறித்துப் பறக்கும். அடியில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, வெளிக்காற்றைவிட 0.3 பார் கூடுதலாக அழுத்தம் ஏற்றி, சூடு ஆறட்டும் என்று சற்றுப் பொறுத்து, வால்வைச் சட்டென்று திறந்தால் உள்ளிருக்கும் காற்று விரியும், விரிந்ததும் குளிரும், குளிர்ந்ததும் நீராவி துளிகளாகும். மூடியைத் திருகித் திறந்தாலும் மேகம் வரும், ஆனால் மெலிதாக. காற்று எவ்வளவு வேகமாக வெளியேறுகிறதோ அவ்வளவு நல்ல மேகம்.

எவ்வளவு குளிர்கிறது என்று அளக்க உள்ளே ஒரு தெர்மோகப்பிள் (வெப்பநிலையை அளக்கும் கம்பி உணரி) வைத்தேன். கணக்குப்படி இந்த அழுத்தத்துக்கு 20 டிகிரிக்கு மேல் இறங்க வேண்டும். மீட்டர் காட்டியதோ 4, 5 டிகிரிதான். தெர்மோகப்பிளின் முனைக் குமிழ் தடிமனாக இருந்ததால் அது குளிர்வதற்குள் பாட்டிலின் சுவர் காற்றை மறுபடி சூடாக்கிவிடுகிறது. தவிர, நீராவி துளியாகும்போது வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. 0.1 மில்லிமீட்டர் கம்பியில் செய்த முனைக்கு மாறியதும் எண் நன்றாக இறங்கியது, ஆனாலும் கணக்கைத் தொடவில்லை. இந்த வேலைக்கு வேகமான முனைதான் முக்கியம், விலை உயர்ந்த மீட்டர் அல்ல.

ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து, அதன் புகையைக் கொஞ்சம் உள்ளே விட்டால் மேகம் பால்போல் கெட்டியாகும். இதற்கு நேர் எதிரான சோதனைதான் எனக்குப் பிடித்தது. பம்பின் வாயில் அழுத்திய பஞ்சை வடிகட்டியாக வைத்து, பாட்டிலில் பழைய மேகத்தைப் பல முறை வரவழைத்துப் படியவிட்டு, தூசு போன காற்றில் திறந்தால் ஒன்றுமே வராது. அதே தண்ணீர், அதே அழுத்தம், அதே குளிர்ச்சி. கூலியே என்ற பிரெஞ்சுக்காரர் 1875-இலும், ஸ்காட்லாந்தின் ஜான் எய்ட்கன் 1880-இலும் கண்டது இதைத்தான். நீராவி தன்னந்தனியாகத் துளியாக வேண்டுமானால் ஈரப்பதம் நிறைவைப்போல, அதாவது 100 சதவீதத்தைப்போலப் பல மடங்கு ஏற வேண்டும். உண்மையான மேகத்தில் நிறைவுக்கு மேல் 1 சதவீதம்கூடப் பெரும்பாலும் ஏறுவதில்லை. உப்பு, புகை, மண்தூசு மாதிரி ஏதாவது ஒரு கரு இருப்பதால்தான் அந்தச் சொற்ப அளவிலேயே வேலை நடந்துவிடுகிறது.

எல்லாத் தூசும் ஒன்றல்ல. மைக்ராஸ்கோப்பில் வைக்கும் கண்ணாடிச் சில்லில் (ஸ்லைடு) ஒரு ஓரம் பொடித்த உப்பு, மறு ஓரம் விளக்குக்கரி தூவி, மூடிய டப்பாவில் வெந்நீர்க் கிண்ணத்தோடு வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பின் கூரான மூலைகள் மழுங்கி, சில நிமிடங்களில் ஒவ்வொரு மணியும் ஒரு துளியாகிவிடும். கரி அப்படியே காய்ந்து கிடக்கும். ஈரப்பதமானியைச் சரிபார்க்கவும் இதே உப்புதான். கொஞ்சம் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்தில் பிசைந்த உப்போடு மானியை மூடிய பையில் சில மணி நேரம் வைத்தால் 75 காட்ட வேண்டும். என்னுடையது 81 காட்டியது. எண்ணை நம்பி ஆரம்பித்திருந்தால் எல்லாமே தப்பாகியிருக்கும்.

துளியின் அளவு

மேகத் துளியைப் பிடிக்க சிலிகோன் எண்ணெய் தடவிய கண்ணாடிச் சில் போதும். துளி எண்ணெய்க்குள் மூழ்கி உருண்டையாகவே நிற்கும், உலராது. கணினியில் செருகும் சாதாரண மைக்ராஸ்கோப்பில் முதலில் ஒரு அளவுகோல் சில்லைப் படமெடுத்து, ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை பிக்சல் என்று குறித்துக்கொண்டேன். பாட்டில் மேகத்தின் துளிகள் பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) விட்டத்தில் இருந்தன. வானத்து மேகத் துளியும் சுமார் 20 மைக்ரான்தான்.

இந்த அளவில்தான் சிக்கலே. 20 மைக்ரான் துளி அசையாத காற்றில் நொடிக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர் அளவுக்குத்தான் இறங்கும். மேகத்துக்குள் மேலெழும் காற்று நொடிக்கு ஒரு மீட்டர் என்பது சர்வ சாதாரணம். பிறகு எங்கே விழுவது? 2 மில்லிமீட்டர் மழைத்துளி நொடிக்கு ஆறரை மீட்டர் வேகத்தில் விழுகிறது. விட்டத்தில் நூறு மடங்கு என்றால் கன அளவில் பத்து லட்சம் மடங்கு. பத்து லட்சம் மேகத் துளிகள் சேர்ந்தால் ஒரு மழைத்துளி. பாட்டிலில் எத்தனை முறை அழுத்தினாலும் இது நடக்காது. நீராவி மட்டுமே ஒட்டி வளரும் துளி, பெரிதாக ஆக மந்தமாகிக்கொண்டே போகும். துளிகளெல்லாம் ஒரே அளவில் இருந்தால் ஒரே வேகத்தில் இறங்கும். ஒன்றை ஒன்று எட்டிப் பிடிக்க வழியே இல்லை.

வெப்பமான மேகங்களில் இதற்கு வழி, கூட்டத்தில் கொஞ்சம் பெரிய துளிகள் சில இருப்பது. கடல் உப்பின் பெரிய மணிகள் இதற்கு உதவுகின்றன. பெரியது வேகமாக இறங்கி வழியில் சிறியவற்றைச் சேர்த்துக்கொள்ளும், சேரச் சேர இன்னும் வேகம் கூடும். சாய்த்து வைத்த கண்ணாடியில் மிக நுண்ணிய ஸ்பிரே அடித்து இதன் சாயலைப் பார்க்கலாம். வெகு நேரம் எதுவும் நகராது. ஒரு துளி எப்படியோ கனத்து ஓடத் தொடங்கினால் ஒரு பட்டையையே வழித்துக்கொண்டு போகும். காற்றில் மிதக்கும் துளிகளை வைத்து இதைச் செய்ய சில நூறு மீட்டர் உயர மேகமாவது வேண்டும். வீட்டுப் பெட்டிக்கு ஆகாது. அதனால் இன்னொரு பாதை: பனி.

ஃப்ரீசர்

முன்பக்கம் கதவு திறக்கும் ஃப்ரீசர் இதற்கு உதவாது. திறந்த உடனே குளிர்காற்று காலடியில் கொட்டிவிடும். மேல்பக்கம் திறப்பதில் குளிர்காற்று கனமானதால் அப்படியே உட்கார்ந்திருக்கும். உள்ளாழம் 60 சென்டிமீட்டர். சுவரில் கறுப்பு வெல்வெட், பக்கவாட்டிலிருந்து குறுகிய ஒளிக்கற்றை பாய்ச்ச ஒரு எல்இடி டார்ச், மூன்று உயரத்தில் மூன்று தெர்மோகப்பிள். மூன்றையும் முதலில் பனிக்கூழும் தண்ணீரும் கலந்த குவளையில் வைத்து 0 டிகிரிக்குச் சரிசெய்தேன். மூடியைத் திறந்து வைத்த நிலையில் அடியில் மைனஸ் 20, நடுவில் மைனஸ் 15, வாய்க்குக் கொஞ்சம் கீழே மைனஸ் 6. செலவில் முதலிடம் ஃப்ரீசருக்கு, அதுவும் பழையது. இரண்டாமிடம் மைக்ராஸ்கோப்புக்கு. மற்றதெல்லாம் சில்லறை.

ஒரு குழாய் வழியாக மெல்ல ஊதினால் மூச்சின் ஈரம் உடனே மேகமாகிவிடும். டார்ச் ஒளியில் மங்கலான சாம்பல் நிறம், மினுக்கம் எதுவும் இல்லை. மைனஸ் 15 டிகிரியில் இருந்தாலும் அது தண்ணீர்தான். இந்த மீக்குளிர்ந்த நிலையில் நுண்துளிகள் மைனஸ் 38 டிகிரி அருகே வரைகூட உறையாமல் இருக்க முடியும். உறைவதற்கும் ஒரு கரு தேவை, மூச்சுக்காற்றில் அது அநேகமாக இல்லை.

இந்தக் கட்டத்தில் நீண்ட நேரம் இழுத்தது வேறொன்று. மேகம் ஓரிரு நிமிடத்தில் காணாமல் போய்க்கொண்டே இருந்தது. காற்று உள்ளே புகுகிறது என்று நினைத்து ஓரமெல்லாம் நுரை நாடா ஒட்டி, துளையிட்ட அக்ரிலிக் மூடி போட்டாயிற்று. பலன் இல்லை. திருடன் சுவரில் இருந்தான். ஃப்ரீசரின் உட்சுவரில் வெல்வெட் மூடாத இடமெல்லாம் உறைபனி ஒரு விரற்கடை தடிமனுக்குப் படிந்திருந்தது. மைனஸ் 15 டிகிரியில் தண்ணீரின் மேல் நீராவி நிறைவழுத்தம் 1.91 ஹெக்டோபாஸ்கல், பனிக்கட்டியின் மேல் 1.65. அதாவது தண்ணீர்த் துளிக்கு நிறைவாக இருக்கும் காற்று, பனிக்கட்டிக்கு 16 சதவீதம் மிஞ்சிய நிறைவு. ஆகவே நீராவி சுவரில் ஒட்டும், காற்று வறளும், துளி ஆவியாகும், அந்த ஆவியும் சுவருக்கே போகும். மேகத்தைச் சுவர் தின்றுகொண்டிருந்தது.

நான் தேடிக்கொண்டிருந்ததே இந்த நிகழ்வைத்தான். சுவரில் நடந்ததை நடுக்காற்றில் நடக்க வைத்தால் பனிப்பொழிவு. மீக்குளிர்ந்த துளிகளுக்கு நடுவே ஒரே ஒரு பனிப் படிகம் வந்துவிட்டால் போதும், சுற்றியிருக்கும் துளிகளின் நீரையெல்லாம் தன் பக்கம் இழுத்து மளமளவென்று வளர்ந்துவிடும். ஜெர்மன் விஞ்ஞானி ஆல்ஃபிரட் வெகனர் 1911-இல் இந்தச் சாத்தியத்தைச் சொன்னார். ஸ்வீடனின் வானிலை அறிஞர் டோர் பெர்கரோன் 1930-களில் அதை மழைக்கான விளக்கமாக வளர்த்தார், ஃபின்டைசன் 1938-இல் மேலும் கொண்டுபோனார். குளிர்ந்த உயரங்களில் இருந்து வரும் மழையில் பெரும்பகுதி கிளம்பும்போது பனியாக இருந்து, வழியில் உருகியதுதான்.

உறைபனியை முழுக்கச் சுரண்டி எடுத்து, சுவரில் கிளிசரின் மெல்லிய பூச்சாகத் தடவினேன். கிளிசரினும் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் மேகத்தின் ஆயுள் பெரிதாக நீளவில்லை. ஆனால் சுவரிலிருந்து உதிரும் பனித் துணுக்குகள் நின்றுபோயின. அதுதான் முக்கியம், அவை இருந்தால் நாம் ஒன்றும் செய்யாமலேயே படிகங்கள் முளைத்து, எது எதனால் வந்தது என்று குழம்பிவிடும்.

அப்புறம் விதைப்பு, அதாவது மேகத்துக்குள் முதல் பனிப் படிகங்களை நாமே உண்டாக்கிவிடுவது. பார்சலில் வரும் பபிள் ராப்பில் ஒரு துண்டை ஃப்ரீசரிலேயே குளிரவிட்டு, மேகத்துக்குள் வைத்து ஒரு குமிழை அழுத்தி உடைத்தேன். அழுத்தத்தில் இருந்த காற்று வெடித்து விரியும்போது அந்த நொடிக்கு, அந்த இடத்தில் மைனஸ் 40-க்கும் கீழே போய்விடுகிறது. அங்கிருக்கும் துளிகள் கரு எதுவும் இல்லாமலேயே உறையும். சில விநாடிகள் ஒன்றும் தெரியாது. பிறகு ஒளிக்கற்றையில் ஊசிமுனைப் பொட்டுகள், சிவப்பும் பச்சையுமாக மின்னிக்கொண்டு. ஒரு நிமிடத்துக்குள் சாம்பல் மேகம் கரைந்து, மின்னுவது மட்டும் மிஞ்சி, அதுவும் மெல்லக் கீழே இறங்கிவிடும்.

டிரை ஐஸில், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடில், இது இன்னும் ஆர்ப்பாட்டமாக நடக்கும். அரத்தால் ஒரு துணுக்கைத் தேய்த்து உதிர்த்தால் அது விழும் பாதை நெடுக ஒரு வெள்ளைக் கோடு, சற்று நேரத்தில் பெட்டி முழுக்க மினுக்கம். 1946 ஜூலையில் அமெரிக்க ஆய்வாளர் வின்சென்ட் ஷேஃபர் இதே மாதிரி ஃப்ரீசரில், கறுப்பு வெல்வெட்டும் மூச்சுக்காற்றுமாக முயன்றுகொண்டிருந்தபோது, குளிர் போதவில்லை என்று டிரை ஐஸை உள்ளே வைத்தார். விதைப்பு அங்கேயிருந்துதான் கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 13-ஆம் தேதி விமானத்திலிருந்து நிஜ மேகத்தில் தூவிப் பார்த்தார். அதே மாதம் அவருடைய சக ஆய்வாளர் பெர்னார்ட் வோன்னகட், சில்வர் அயோடைடு என்ற வெள்ளி உப்பும் பனிக்கு நல்ல கரு என்று கண்டார். என் அனுபவத்தில் டிரை ஐஸ் கொஞ்சம் அதிகப்படி. துணுக்கு பெரிதாகிவிட்டால் படிகங்கள் கணக்கில்லாமல் முளைத்து, இருக்கும் ஈரத்தைப் பங்குபோட்டுக்கொண்டு, எதுவும் பெரிதாக வளராமல் தூசாகவே தொங்கும். நிஜ மேகத்தையும் அளவுக்கு மீறி விதைத்தால் இதே கதிதான். குமிழ் ஒன்று உடைத்தபோதுதான் நன்றாக விழுந்தது.

கையுறை இல்லாமல் டிரை ஐஸைத் தொடக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஃப்ரீசரின் அடியில் கார்பன் டை ஆக்சைடு குளம்போல் தேங்கும், எட்டிப் பார்க்கிறேன் என்று தலையை உள்ளே விட வேண்டாம். குழாய் வழியாக ஊதச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

விழுந்ததை எண்ண ஒரு பழைய தந்திரம் உண்டு. சர்க்கரையும் தண்ணீரும் சம எடையில் கரைத்து, தட்டையான தட்டில் ஊற்றி மைனஸ் 12 டிகிரிவாக்கில் வைத்தால் கரைசல் தானாக உறையாது. அதில் ஒரு படிகம் விழுந்தால் சில விநாடிகளில் கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் பொட்டாக வளரும். விதைப்பதற்கு முன் ஒரு தட்டு, பின் ஒரு தட்டு என்று வைத்துப் படமெடுத்தால் சண்டைக்கே இடமில்லை. குளிரவைத்த சில்லில் நேராகப் பிடித்தும் பார்த்தேன். அறுகோணத் தகடுகள், பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் சிறியவை. மைக்ராஸ்கோப்பையும் ஒரு மணி நேரமாவது ஃப்ரீசருக்குள் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அதன் சூட்டிலேயே படிகம் உருகிவிடும்.

நட்சத்திர வடிவம் இந்தப் பெட்டியில் வரவில்லை. அது வளர நேரம் வேண்டும், படிகம் ஒரே வெப்பநிலையில் நிற்கவும் வேண்டும். ஜப்பானிய விஞ்ஞானி நாகாயா உகிச்சிரோ 1936-இல் ஹொக்கைடோவில் முயல் முடியில் படிகத்தை ஒட்டி வளர்த்து, எந்தக் குளிருக்கும் ஈரத்துக்கும் எந்த வடிவம் என்று வரைந்து காட்டினார். மைனஸ் 2 அருகே தகடு, மைனஸ் 5 அருகே ஊசியும் தூணும், மைனஸ் 15 அருகே கிளைவிட்ட நட்சத்திரம். நானும் அதுபோல் ஒன்றை அமைத்தேன்: முயல் முடிக்குப் பதில் மீன்பிடி நைலான் நூல், சின்ன பாட்டில், மேலே ஈரப் பஞ்சு, அடியில் சுற்றிலும் தெர்மோகோல் பெட்டிக்குள் பொடித்த டிரை ஐஸ். நூல் தொய்வில்லாமல் நிற்க நுனியில் ஒரு சின்ன எடை. பாதி உயரத்தில் கிளைகள் முளைத்தன. தடித்த நூலில் உறைபனிதான் புதர்போல் அடைந்தது. கிடைப்பதில் மிக மெல்லிய நூலாகப் பாருங்கள்.

எந்தத் தூசு முதலில் உறைய வைக்கிறது

5 மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியத் தகட்டில் வாசலினை மெல்லியதாகத் தடவி, இன்சுலின் சிரிஞ்சால் வரிசை வரிசையாகச் சிறு துளிகள். ஒரு வரிசை காய்ச்சி வடித்த நீர், ஒரு வரிசை குழாய்த் தண்ணீர், ஒன்றில் மண் கலக்கியது, ஒன்றில் மக்கிய இலை ஊறவைத்து வடிகட்டியது. தகட்டை ஒரு செங்கல் மேல் வைத்து ஃப்ரீசருக்குள் இறக்கினால் நிதானமாக, நிமிடத்துக்கு ஒரு டிகிரிபோல் குளிரும். உறைந்த துளி பளிச்சென்று வெளுக்கும். இலைச்சாறு வரிசை மைனஸ் 6 அருகே தொடங்கிவிட்டது. மண் வரிசை மைனஸ் 8 முதல் 12 வரை பரவலாக. வடித்த நீர் மைனஸ் 16-க்கு அப்புறம்தான், அதிலும் பல துளிகள் ஃப்ரீசரின் எல்லை வரை உறையவே இல்லை. இலையில் வாழும் சூடோமோனஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியாவின் புரதம் மிகத் திறமையான உறைகரு. அதனால் சில்வர் அயோடைடு வாங்கும் யோசனையைக் கைவிட்டேன். இலைக்குச் செலவும் இல்லை, கையில் கறையும் இல்லை.

மற்ற வகைகள்

உறைமழை எளிது. மைனஸ் 12 டிகிரியில் இருக்கும் இரும்புத் தகட்டின் மேல் பனிக்கூழில் குளிர்ந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால், பட்ட இடத்தில் பரவி, ஒரு கணம் கழித்துக் கண்ணாடிபோல் இறுகும். வானத்தில் இது நடக்க, மேலே உருக்கும் அளவு வெப்பமான ஒரு அடுக்கும், தரையோடு ஒட்டி மெல்லிய குளிர் அடுக்கும் வேண்டும். குளிர் அடுக்கு தடிமனாக இருந்தால் துளி வழியிலேயே மறுபடி உறைந்து ஐஸ் பெல்லட்டாக விழும், 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட தெளிவான மணியாக. இதைப் பெட்டியில் செய்ய முயன்றது முழுத் தோல்வி. ஊசியிலிருந்து சொட்டும் துளி 60 சென்டிமீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்றில் ஒரு விநாடி. நிஜத்தில் உறைய சில நூறு மீட்டர் குளிர்காற்று தேவை. பெட்டியை இரட்டிப்பாக்கினாலும் ஒன்றும் ஆகாது.

ஆலங்கட்டிக்கு ஒரு குறுக்குவழி கிடைத்தது. மெதுவாகச் சுழலும் கியர் மோட்டார், அதில் ஒரு செம்புக் கம்பி, எதிரே அல்ட்ராசோனிக் ஹியூமிடிஃபையரின் மூடுபனியைச் சின்ன விசிறியால் தள்ளும் குழாய். ஹியூமிடிஃபையரில் வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும், குழாய்த் தண்ணீர் என்றால் அதிலுள்ள தாதுக்கள் வெள்ளைத் தூசாகக் கிளம்பி எல்லாவற்றையும் கெடுக்கும். மூடுபனி குறைவாக இருக்கும்போது துளி பட்டவுடன் உறைந்து, இடையில் காற்று சிக்கி, சுண்ணாம்பு மாதிரி வெளுத்த படிவு. குருணைப் பனி இப்படித்தான் உண்டாகிறது, ஒரு படிகத்தின் மேல் மீக்குளிர்ந்த துளிகள் ஒட்டி ஒட்டி. மூடுபனியைக் கூட்டினால் உறையும்போது வெளிவரும் வெப்பத்தைக் கடத்த நேரமில்லாமல் மேற்பரப்பு ஈரமாகவே இருந்து, தெளிந்த பனிக்கட்டியாக இறுகும். மாற்றி மாற்றி வைத்து, கம்பியை உருவி, ரம்பத்தால் குறுக்கே அறுத்துப் பார்த்தால் வெள்ளையும் தெளிவுமாக வளையங்கள். பெரிய ஆலங்கட்டியை வெட்டினாலும் இதே வளையங்கள்தான். 5 மில்லிமீட்டர் தொட்டால் ஆலங்கட்டி என்று கணக்கு. 2010 ஜூலையில் அமெரிக்காவின் விவியன் என்ற ஊரில் விழுந்தது 20 சென்டிமீட்டர் விட்டம். அதைத் தாங்கிப் பிடித்த மேலெழும் காற்றின் வேகத்தை யோசித்துக்கொள்ளுங்கள்.

மாவுத் தட்டு

நிஜ மழையையும் அளக்காமல் விட மனமில்லை. வில்சன் பென்ட்லி, பனிப் படிகங்களைப் படமெடுத்துப் பேர் வாங்கிய அதே விவசாயி, 1904-இல் வெளியிட்ட முறை இது. சலித்த மைதா மாவை அகலத் தட்டில் இரண்டரை சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பரப்பி, மூடியோடு வெளியே கொண்டுபோய், சில விநாடிகள் மட்டும் மழையில் திறந்து மூட வேண்டும். ஒவ்வொரு துளியும் ஒரு மாவு உருண்டையாகும். உலரவிட்டுச் சலித்தால் உருண்டைகள் தனியே நிற்கும்.

உருண்டையின் அளவு துளியின் அளவு அல்ல, அதற்குத் தரப்படுத்தல் வேண்டும். சிரிஞ்ச் ஊசியிலிருந்து 100 துளிகளை எடைபோட்டேன்: 1.1 கிராம். ஒரு துளி 11 மில்லிகிராம், விட்டம் சுமார் 2.8 மில்லிமீட்டர். மருந்துச் சொட்டியில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 துளி, அதாவது 4.6 மில்லிமீட்டர். இவற்றை மாவில் விழவிட்டு உருண்டைகளை எடைபோட்டு ஒரு வரைபடம். மேசை உயரத்திலிருந்து விட்டால் துளி முழு வேகத்தை எட்டுவதில்லை, மாவில் வேறு மாதிரி பதியும். மாடிப்படியின் நடு இடைவெளியில் பல மீட்டர் உயரத்திலிருந்து விட்டபோதுதான் எண்கள் ஒழுங்குக்கு வந்தன. காற்று அடிக்கும் நாளில் இதற்கு முயல வேண்டாம், துளி தட்டுக்கு வெளியேதான் போகும்.

தூறலில் மாவு உதவவில்லை. தூறல் என்பதே 0.5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட துளிகள், அவை சல்லடைக் கண்ணில் நழுவிவிடுகின்றன. விடாத நடுத்தர மழையில் 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை அதிகம். இடிமழையின் தொடக்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய உருண்டைகள், 4 மில்லிமீட்டருக்கு மேலும்கூட. வேகமாக விழும் பெரியவை முதலில் தரையைத் தொட்டுவிடுவதால் அப்படி. 6 மில்லிமீட்டரைத் தாண்டி எதுவும் சிக்கவில்லை. அதற்கு மேல் துளி அடியில் தட்டையாகி, நடுவில் குழிந்து, உடைந்துவிடுகிறது. கூர்மையான தலையோடு படங்களில் வரையப்படும் மழைத்துளி எங்குமே இல்லை. சிறியது உருண்டை, பெரியது அடி தட்டையானது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை கொஞ்சம் உண்டு. வெல்வெட்டைச் சுவரில் நேராக ஒட்டாமல் சட்டத்தில் மாட்டி வைப்பேன், கிளிசரின் தடவ ஒவ்வொரு முறையும் பிய்த்து எடுப்பது பெரும் தொல்லை. டார்ச்சை ஃப்ரீசருக்கு வெளியே வைத்து, இரட்டைக் கண்ணாடி ஜன்னல் வழியாக ஒளி பாய்ச்சுவேன். உள்ளே வைத்தால் அதன் சூடு சின்ன நீரோட்டம்போல் காற்றைக் கிளப்பி மேகத்தைக் கிழிக்கிறது. சர்க்கரைத் தட்டுக்குக் கீழே கறுப்புத் தாளில் ஒரு சென்டிமீட்டர் கட்டங்கள் வரைந்துவிட்டால் எண்ணுவது பாதி நேரத்தில் முடியும். தூறலுக்கு மாவை விட்டுவிட்டு, பாட்டில் சோதனைக்கு வாங்கிய அதே சிலிகோன் எண்ணெய்ச் சில்லையே வெளியே நீட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.